வரத்துக்காலில் வந்த வாடை: ஒரு தேடுதல் நாயின் நிகழ்வு ஆய்வு

"இரவு 8.40. கண்மாய்க்குள் வரத்துக்கால் வாயில் நின்று குரைத்தாள். தேடினோம். ஆள் இல்லை. தவறான குரைப்பு."

அன்றிரவு என் சிகிச்சைக் குறிப்பேட்டில் நான் எழுதிய வரிகள் இவை. வரத்துக்கால் என்பது கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய். கடைசி வரி தவறு. அந்தத் தவறால் எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர் இன்னும் ஒன்பது மணி நேரம் கருவைக்காட்டில் கிடந்தார். டோரா என்ற தேடுதல் நாயைப் பற்றி என்னிடமும் அவளுடைய கையாளுநரிடமும் உள்ள பதிவுகளை வைத்து இந்த ஆய்வை எழுத உட்கார்ந்தபோது, அவள் பிறந்த கதையை விட இந்த வரிதான் முதலில் கைக்கு வந்தது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மாடு, ஆடு, கோழி, வீட்டு நாய்கள் என்று போகும் என் பிழைப்பில், மீட்புப் பணி செய்து ஓய்வுபெற்ற நாய் ஒன்று வந்தது அந்த ஒரு தடவைதான். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டிருக்கிறேன். கையாளுநரை நான் எப்போதும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

பணிக்காலம்

டோரா வெளிர் மஞ்சள் நிற லேப்ரடார். சில மாதக் குட்டியாகப் பேரிடர் மீட்புப் படை ஒன்றின் நாய்ப் பிரிவுக்கு வந்தாள். அண்ணன் அப்போது அங்கே பணியில் இருந்தார். குட்டிகளைப் பிரித்துக் கொடுத்த நாளில் அவர் பார்த்தது ஒன்றே ஒன்று என்பார். ரப்பர்ப் பந்தைப் புதருக்குள் எறிந்தார்கள். மற்ற குட்டிகள் கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் திரும்பிவிட்டன. இவள் வரவில்லை. பந்து கிடைக்கும்வரை வரவில்லை. "மூக்கு எல்லா நாய்க்கும் இருக்கு டாக்டரே. விடாப்பிடி எல்லாத்துக்கும் இருக்காது" என்றார்.

இந்த வேலைக்கு நம்மூர் நாய்களை ஏன் அதிகம் எடுப்பதில்லை என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகியவை கண்ணால் கண்டு துரத்துவதற்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. பந்துக்காக இடிபாட்டில் மணிக்கணக்கில் மோப்பம் பிடித்துத் திரிவது அவற்றின் இயல்பில் எளிதாக வருவதில்லை. அந்த இனங்களின் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் ஒரு துளியும் குறையவில்லை. உழவு மாட்டைப் பந்தயத்துக்கும் பந்தய மாட்டை உழவுக்கும் மாற்றிக் கட்டமாட்டோம் அல்லவா, அதுபோலத்தான்.

பயிற்சி என்பது அடிப்படையில் ஒளிந்து பிடிக்கும் விளையாட்டு. உதவியாளர் ஒருவர் பந்தைக் காட்டிவிட்டு ஓடி ஒளிவார். நாய் தேடிப்போய்க் குரைத்தால் பந்து கிடைக்கும். முதலில் கண்ணெதிரே ஒளிவார்கள், பிறகு காணாமல் ஒளிவார்கள், பிறகு கான்கிரீட் குழாய்க்குள், மண்ணுக்கு அடியில் அறை கட்டி என்று கஷ்டம் கூடிக்கொண்டே போகும். ஏணி ஏறுவது, ஆடும் பலகையில் நடப்பது, சத்தத்துக்கும் புகைக்கும் பழகுவது எல்லாம் உடன் நடக்கும். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. அதட்டி வளர்த்த நாய் கையாளுநரின் முகத்தைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அது சொல்வதை நம்ப முடியாது.

பின்னால் வரப்போகும் கதைக்கு ஒன்றை இங்கேயே சொல்லியாக வேண்டும். சட்டையை முகரவைத்தால் அதே ஆளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும் நாய் வேறு, டோரா வேறு. அவள் காற்றில் வரும் மனித வாடையைத் தேடுகிறவள். எந்த மனிதர் என்பது அவளுக்கு முக்கியமில்லை. உயிருள்ள மனித வாடை எங்கிருந்து வந்தாலும் அங்கே போய்க் குரைப்பாள். இடிபாட்டுக்குள் சிக்கியவரின் சட்டையை யார் எடுத்துக் கொடுப்பது? அதனால்தான் பேரிடர் நாய்களுக்கு இந்தப் பயிற்சி. இறந்தவர்களைக் கண்டறியும் நாய்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் கேரளக் காவல்துறையின் மாயாவும் மர்பியும் சேற்றுக்கடியில் செய்தது அந்த வேலை. 2020 ஆகஸ்டில் கேரளத்தின் பெட்டிமுடியில் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேரை மண் மூடியபோது, தான் வளர்ந்த வீட்டுக் குழந்தையின் உடலை ஆற்றோரம் கண்டுபிடித்த குவி என்ற நாய்க்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அது பாசம். அந்தச் செய்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அண்ணனின் குறிப்பேட்டில் டோராவுக்கு ஏழு ஆண்டுகளில் பதினான்கு அழைப்புகள். கட்டட இடிபாடுகள், இரண்டு நிலச்சரிவு, ஒரு கிணறு. உயிரோடு அவள் காட்டியவர்கள் மூன்று பேர். "மூணே பேரா?" என்று நான் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மெக்ஸிகோ கடற்படையின் ஃப்ரீடா உலகமே அறிந்த நாய். அவள் ஆயுள் முழுவதும் உயிரோடு கண்டுபிடித்தவர்கள் பன்னிரண்டு பேர். உடல்கள் நாற்பதுக்கு மேல். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சரிந்த பதினொரு மாடிக் கட்டடத்தில் 61 பேர் இறந்தார்கள். இந்த வேலையில் நாய் பெரும்பாலும் போவது உயிர் போன இடங்களுக்குத்தான். "இங்கே யாரும் இல்லை" என்று அவள் குரைக்காமல் திரும்பி வந்ததால் மீட்பர்கள் அடுத்த மேட்டுக்கு நகர்ந்து மிச்சம் பிடித்த மணி நேரங்களை யாரும் எண்ணி வைப்பதில்லை.

ஒரு நிலச்சரிவில் நாலு நாள் தேடியும் உயிருள்ள ஒருவரும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் டோரா சாப்பிடவில்லை, பந்தைக் காட்டினாலும் எழவில்லை. அன்று மாலை சக வீரர் ஒருவர் போய்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். டோரா அவரைக் கண்டுபிடித்துக் குரைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், பந்து கிடைத்தது. ராத்திரி சாப்பிட்டாள். நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாட்டிலும் நாய்களுக்காக இப்படி ஆட்கள் ஒளிந்தது பதிவாகியிருக்கிறது. நாய்க்கும் மனசு விட்டுப்போகும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்ததில்லை, அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாயின் குரைப்பை மட்டும் வைத்துத் தோண்ட ஆரம்பிப்பதில்லை. முதல் நாயைக் கொண்டுபோய்விட்டு, அது என்ன சொன்னது என்று தெரியாத இரண்டாவது நாயை விடுவார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது நூர்தாகியில் நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஜூலி குரைத்தது. பிறகு ரோமியோவை விட்டார்கள், அதுவும் அங்கேயே குரைத்தது. ஆறு வயதுச் சிறுமி உயிரோடு மீட்கப்பட்டாள். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் அந்த இரவு எங்களிடம் இரண்டாவது நாய் இல்லை.

ஓய்வு

ஒன்பது வயதில் பணியிலிருந்து விடுவித்தார்கள். அண்ணனும் விருப்ப ஓய்வு பெற்று அவளைத் தத்தெடுத்துக்கொண்டு ஊர் வந்தார். முதல் நாள் என் மேசையில் எடை 31 கிலோ, இடுப்பு மூட்டு இரண்டிலும் தேய்மானம். பின்னங்கால் தசை இளைத்திருந்தது. அண்ணனின் தாயாருக்கு "டோரா" வாயில் வரவில்லை, "தோரா" என்றார். ஊர் முழுக்கத் தோரா ஆகிவிட்டாள்.

அண்ணன் குடும்பம் அப்பா காலத்திலிருந்து ஒரு பெரிய வீட்டுக்குச் சாவி வைத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் வீடு. அந்த வீட்டின் முகப்பைப் பெருக்கப் போகும்போது தோராவும் கூடப் போவாள். மூன்றாம் வாரமே என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆத்தங்குடிக் கல்லில் பின்கால் இரண்டும் அகன்று வழுக்கி விழுந்திருக்கிறாள். எண்ணெய் போட்டுத் துடைத்து மினுமினுக்க வைத்த அந்தத் தரை மனிதர் காலுக்கு எவ்வளவு சுகமோ, மூட்டுத் தேய்ந்த நாய்க்கு அவ்வளவு ஆபத்து. நடக்கும் வழியெல்லாம் சாக்கு விரிக்கச் சொன்னேன். வீட்டில் வயதான நாய் உள்ளவர்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்கும் முன் தரையைப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு உண்ணிக் காய்ச்சல் வந்தது. இரத்தத்தட்டுகள் குறைந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்தது. டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்ததில் தேறினாள். இந்தப் பக்கத்துச் செம்மண்ணும் வெயிலும் உண்ணிக்குச் சொர்க்கம், அதனால் இதில் புதுமை எதுவும் இல்லை.

உடம்பு தேறியதும் அண்ணன் அந்தப் பெரிய வீட்டிலேயே அவளுக்குப் பழைய விளையாட்டைத் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பையன் போய் இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில், ஏதாவது ஓர் அறையில் ஒளிவான். தோரா தேடுவாள். நானும் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் முதலில் நிற்பது வளவின் திறந்த முற்றத்து ஓரத்தில். அங்கே நின்று மேலே முகத்தைத் தூக்குவாள், சில சமயம் குரைத்தும் விடுவாள். பையனோ முற்றத்திலிருந்து இரண்டு கதவு தள்ளி இருப்பான்.

"தப்பாக் காட்டுறாளே அண்ணே?"

"தப்பு இல்ல டாக்டரே. முத்தத்துல வெயில் விழுந்து காத்து மேல ஏறுது. அறைக்குள்ள இருக்கிற வாடையை அது இழுக்குது. வாடை இங்கன வந்து கூடுது, அதைச் சொல்றா. இங்கிருந்து வாடை எந்த வழியா வந்துச்சுன்னு பார்க்க வேண்டியது நம்ம வேலை."

மனித உடம்பிலிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களும் ஆவியும் காற்றோடு போகின்றன. நேராக வீசும் மிதமான காற்றில் அவை விசிறி போல விரியும். நாய் அந்த விசிறியைக் குறுக்கே வெட்டிப் பிடித்து, அதன் காம்பை நோக்கிப் போகும். காற்று சுழன்றால், ஏறினால், எங்காவது தேங்கினால் விசிறி இருக்காது. வாடைக் குட்டைதான் இருக்கும். நாய் குட்டையைக் கண்டுபிடிக்கும். அண்ணன் சொன்னது இதைத்தான். இதைக் கேட்டுத் தலையாட்டியவன் நான். சொன்னவர் அவர். இருவருமே தேவைப்பட்ட நேரத்தில் மறந்துபோனோம்.

பங்குனி மாதத்து மாலை

தோராவுக்கு அப்போது 11 வயது 4 மாதம். எடை 29 கிலோ. தினமும் மூட்டுவலிக்கு மெலாக்சிகாம்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும் இருந்தார்கள். ஐயாவுக்கு இரண்டு ஆண்டுகளாக மறதி நோய். மதியம் மூன்றரை மணிக்கு ஆச்சி எழுந்து பார்க்கும்போது அவர் கட்டிலில் இல்லை. முன்வாசல் பூட்டியபடி இருந்தது. சென்னையிலிருந்த மகன் தன் கைப்பேசியில் முகப்புக் கேமராவைப் பார்த்து "யாரும் வெளியே போகலை, வீட்டுக்குள்ளதான் இருக்காக" என்றார். வீடு சிறியதா? முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, மாடி, மாடிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் சாமான் அறைகள். ஒன்றரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே தேடினார்கள்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்கட்டுக் கதவு திறந்து கிடந்ததை ஐந்து மணிக்குத்தான் ஒரு பெண் கவனித்தார். பின்தெருவைத் தாண்டினால் ஊருணி, அதைத் தாண்டினால் கண்மாய், கண்மாய்க்கு மேற்கே சீமைக்கருவை. கேமரா காட்டியதை நம்பியதில் போன முதல் ஒன்றரை மணி நேரம் அது.

அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "வயசானவ, வெயில் வேற. நீங்க கூட இருந்தாத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றார். பணியில் இருந்த காலத்தில் அவளுக்கு ஒரு மருத்துவர் கூட இருந்தார். அதே மரியாதையை ஓய்விலும் அவர் கேட்டார். நான் போகும்போது மணி ஐந்தரை. உடல் வெப்பம் 101.8 ஃபாரன்ஹீட், சரியாக இருந்தது. தரையில் கை வைத்தால் இன்னும் சுட்டது. 104.5 தொட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும் என்று சொன்னேன், சம்மதித்தார். நாயின் நாக்கு வெளியே தொங்கி மூச்சிரைக்கும்போது மோப்பம் குறைந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் நன்றாகச் செய்வது அதற்குக் கடினம்.

கண்மாய்க்கரையில் நூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் கருவைக்குள். ஐயாவின் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தயாராக நின்றார். "இதை மோந்து பார்க்கக் குடுங்க." அண்ணன் கைகூப்பினார். "இவளுக்கு அது தெரியாதுங்க. எந்த மனுசன் வாடை வந்தாலும் அங்க போவா. காட்டுக்குள்ள இருக்கிற எல்லாரும் வெளிய வந்து காத்துக்குக் கீழ நில்லுங்க. அப்பத்தான் உள்ள மிச்சம் இருக்கிற ஒரே ஆளை அவளால காட்ட முடியும்."

யாருக்கும் பிடிக்கவில்லை. நூறு பேர் தேடுவதை நிறுத்திவிட்டு ஒரு கிழட்டு நாய்க்கு வழிவிடுவதா என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பெரியவரைக் காணாத பதைப்பில் சும்மா நிற்பது யாருக்கும் பெரிய தண்டனை. பாதிப் பேர் வெளியே வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை.

கரைமேல் ஐயாவைப் பார்த்ததாக ஒரு பையன் சொன்னதால் கிழக்கே கரையிலிருந்து தொடங்கினோம். காற்று கிழக்கிலிருந்து வீசியது. அதாவது எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து. மேற்கே இருக்கும் ஆளின் வாடை எங்களை விட்டு விலகிப் போகும். அண்ணனுக்கு இது தெரியும். "மேக்கால போய்த் தொடங்கணும்" என்று இரண்டு முறை சொன்னார். கருவை அடைத்துக் கிடந்ததால் மேற்கே சுற்றிப்போக வண்டிப்பாதை மூன்று கிலோமீட்டர். ஊரார் அவசரத்தில் அது எடுபடவில்லை. தோரா இருபது நிமிடத்தில் காட்டுக்குள் திரிந்த மூன்று பேரைக் கண்டுபிடித்து ஒழுங்காகக் குரைத்தாள். அவள் வேலையை அவள் செய்தாள். வெப்பம் 104.3. நிறுத்தினேன். ஊருணித் தண்ணீரால் வயிற்றையும் தொடை இடுக்கையும் நனைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவிட்டோம். அரை மணியில் 102.9க்கு இறங்கியது.

இரவு

இருட்டியதும் காற்று அடங்கிவிட்டது. ஆட்களும் பெரும்பாலும் ஊருக்குள் திரும்பினார்கள். காவல்துறையினர் சாலைப் பக்கம் தேடப் போயிருந்தார்கள். எட்டேகாலுக்கு அண்ணன் அவளைக் கண்மாயின் உட்பக்கம் இறக்கினார். பங்குனிக் கண்மாய், மடையடியில் மட்டும் முழங்கால் தண்ணீர், மற்ற இடமெல்லாம் வெடித்த களிமண். தோரா நேராக மேற்கே நடந்தாள். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வந்து விழும் வாயில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே போய் ஒரு சுற்றுச் சுற்றினாள். மூக்கைத் தாழ்த்தினாள், தூக்கினாள். பிறகு நின்று குரைத்தாள். கனமான, இடைவெளி விட்ட குரைப்பு.

ஓடினோம். பள்ளத்தில் யாரும் இல்லை. டார்ச் அடித்துச் சுற்றி ஐம்பது மீட்டர் தேடினோம். யாரும் இல்லை. அப்போது கூட இருந்த ஒருவர், நூறுநாள் வேலைப் பெண்கள் மதியம் அந்தப் பள்ளத்து நிழலில்தான் சோறு சாப்பிட்டார்கள் என்றார். பாக்குப் பொட்டலமும் வாழையிலையும் கிடந்தன. அண்ணன் முகம் தளர்ந்தது. மிச்ச வாடைக்குக் குரைத்துவிட்டாள் என்று முடிவு செய்தார். நான் அந்த முடிவுக்கு முட்டுக்கொடுத்தேன். "வயசாயிருச்சுண்ணே. களைச்சுட்டா. போதும்" என்றேன். வெப்பம் 103.1தான். நிறுத்தியே ஆகவேண்டிய அளவு இல்லை. அவள் மேல் இரக்கப்பட்டேன், அவள் சொன்னதை நம்பவில்லை.

கயிற்றைப் பிடித்து இழுத்தபோது அவள் வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். பின்காலைத் தாங்க முடியாமல் உட்கார்ந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் தூக்கிக்கொண்டு கரையேறினார்.

ஆச்சி விடிய விடிய முகப்பிலேயே உட்கார்ந்திருந்தார். "அவுக வெறுங்காலோட தெருவுலகூட நடந்ததில்ல தம்பி" என்று அண்ணனிடம் ஒரே ஒரு முறை சொன்னார். நாங்கள் கரையிலேயே படுத்தோம்.

விடியுமுன்

நாலரை மணிக்கு, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் ஊர் நீர்பாய்ச்சி எங்களுக்குத் தூக்குவாளியில் தேநீர் கொண்டுவந்தார். எழுபது வயதிருக்கும். அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் அவர் கால் அறியும். நாய் எங்கே குரைத்தது என்று கேட்டார். சொன்னோம். "அங்கனயா? ராத்திரி அங்கன படுக்க முடியாதே. மேல இருந்து சில்லுன்னு எறங்கும். கால் வழியா."

அண்ணன் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

இரவில் தரை குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகும். காற்றோட்டம் இல்லாத இரவில் அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். எந்த வழியில் இறங்கும்? தண்ணீர் இறங்குகிற அதே வழியில்தான். கருவைக்காட்டு மேட்டிலிருந்து வரத்துக்கால் வழியாக இறங்கி, கண்மாய்ப் பள்ளத்தில் வந்து தேங்கும். வழியில் ஒரு மனிதர் படுத்திருந்தால் அவர் வாடையையும் அள்ளிக்கொண்டு வந்து வாயில் கொட்டும். எட்டு நாற்பதுக்கு அவள் சொன்னது அதைத்தான். வளவு முற்றத்தில் அவள் குரைத்தது போலவே இங்கும் குரைத்திருக்கிறாள்.

நாலு ஐம்பதுக்கு வாயிலிருந்து மேற்கே வரத்துக்காலுக்குள் நுழைந்தோம். நீர்பாய்ச்சி அரிவாளோடு முன்னால். கருவை இரண்டு கரையிலிருந்தும் வளைந்து மூடியிருந்தது. தோரா மெதுவாகத்தான் நடந்தாள், நொண்டினாள். முந்நூறு மீட்டர் போனதும் நடை மாறியது. வால் இறுகியது, தலை உயர்ந்தது, நொண்டல் எங்கே போனதென்று தெரியவில்லை. முள்ளுக்கு அடியில் நுழைந்து மறைந்தாள். ஐந்து முப்பத்தைந்துக்குக் குரைப்புக் கேட்டது. நேற்றிரவு கேட்ட அதே குரைப்பு.

வெள்ளம் அரித்த கிடங்கில் ஐயா ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது, கையெல்லாம் முள் கீறல், இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. உயிர் இருந்தது. நாங்கள் கூப்பிட்டபோது எங்களைப் பார்த்து, "புரவி எடுப்புக்கு நேரமாச்சா?" என்றார். புரவி எடுப்பு என்பது அய்யனார் கோயிலுக்கு மண்குதிரைகளைச் சுமந்து செல்லும் திருவிழா. வரத்துக்கால் மேலே போய் முடிவது அய்யனார் பொட்டலில். சீமைக்கருவை இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்தக் காலை ஒட்டித்தான் இருந்ததாம். சின்னப் பையனாக அவர் நடந்த பாதை.

நாலு பேர் துண்டில் ஏந்தி அவரைத் தூக்கிப் போனார்கள். வண்டிப்பாதையில் 108 வந்து நின்றது. அத்தனை பரபரப்பிலும் அண்ணன் பின்தங்கி நின்று, மடியிலிருந்து பழைய ரப்பர்ப் பந்தை எடுத்து அவளுக்குக் கொடுத்து, ஒரு நிமிடம் கொஞ்சி விளையாடினார். அழுதுகொண்டே விளையாடினார். அவளுக்கு வேலை முடிவது பந்தில்தான். அதைத் தராமல் கூட்டிப்போவது அவளை ஏமாற்றுவது.

எங்கே தவறினோம்

வாயிலிருந்து கிடங்கு வரை பின்னர் நாடா போட்டு அளந்தோம். 430 மீட்டர். இரவு எட்டு நாற்பதுக்கு நாங்கள் தேடியது 50 மீட்டர். அந்த ஐம்பதும் வட்டமாகத் தேடியது. காற்று வந்த பக்கம் நீளமாகத் தேடியிருக்க வேண்டும்.

மிச்ச வாடை என்ற விளக்கம் பொருந்தி வந்ததுதான் எங்களைக் கெடுத்தது. மதியம் சாப்பிட்டுப் போனவர்களின் வாடை எட்டு மணிக்கு ஓரளவு இருந்திருக்கலாம். ஆனால் அப்படி ஆள் இல்லாத இடத்தில் இருக்கும் பழைய வாடைக்கு அவள் பணிக்காலத்தில் குரைத்ததே இல்லை என்று அண்ணனின் குறிப்பேடே சொல்கிறது. முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஏழு ஆண்டுப் பதிவை விட்டுவிட்டு ஒரு வாழையிலையை நம்பினோம். அவள் வயதும் எங்கள் கண்ணை மறைத்தது. இதே குரைப்பை நான்கு வயதில் அவள் குரைத்திருந்தால் நாங்கள் யாரும் "களைத்துவிட்டாள்" என்று சொல்லியிருக்க மாட்டோம். இடுப்பு தேய்ந்திருந்தது உண்மை, நான் எடுத்த எக்ஸ்ரே காட்டியது. மூக்கு தேய்ந்ததற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை, இருந்தும் அப்படி நினைத்தேன்.

கூப்பிட்ட குரலுக்கு ஐயா பதில் தராததற்கும் காரணம் உண்டு. ஆறு மணி வாக்கில் அந்தக் கிடங்கிலிருந்து குரல் எட்டும் தொலைவில் ஆட்கள் "ஐயா, ஐயா" என்று கத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். மறதி நோய் முற்றியவர்கள் பெரும்பாலும் தாங்கள் தொலைந்துவிட்டதாகவே உணர்வதில்லை. கூப்பிட்டால் பதில் சொல்வது அரிது. எதிலாவது முட்டி நிற்கும்வரை நடந்துகொண்டே இருப்பார்கள். கத்திப் பார்த்துவிட்டுப் பதில் இல்லை என்று ஒரு புதரை விட்டுப்போனால், அந்தப் புதரைத் தேடியதாகவே ஆகாது. வீட்டில் இப்படிப் பெரியவர்கள் இருந்தால் முன்வாசலைப் போலவே பின்கட்டுக் கதவுக்கும் மணி கட்டுங்கள். சிறுவயதில் அவர்கள் நடந்த பாதைகள் எவை என்று இப்போதே கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

என் குறிப்பேட்டில் "தவறான குரைப்பு" என்ற வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் மறுநாள் தேதியிட்டு "வரத்துக்கால், மேற்கே 430 மீட்டர்" என்று எழுதிவைத்தேன்.

பிறகு

அன்று காலை அவள் கால்களிலிருந்து பதினொரு முள் எடுத்தேன். சீமைக்கருவை முள் உள்ளே ஒடிந்தால் வாரக்கணக்கில் சீழ் வைக்கும். வலது முன்காலில் ஒன்று அப்படி வைத்து, ஒன்பதாம் நாள் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. உடலில் நீர் குறைந்திருக்கும்போது மூட்டுவலி மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் மூன்று நாள் மெலாக்சிகாமை நிறுத்தினேன். மூன்றாம் நாள் இரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.3. மூச்சு விட்டேன். இரண்டு வாரம் படுத்தபடியே கிடந்தாள். பிறகு எழுந்து நடந்தாள்.

ஐயா பத்து நாளில் வீடு திரும்பினார். ஆச்சி வெள்ளிக்கிழமைதோறும் தோராவுக்கு வெள்ளைப் பணியாரம் கொடுத்தனுப்பினார். எண்ணெய் ஆகாது என்று நான் சொன்னபிறகு உப்பில்லாத இட்லி வரத் தொடங்கியது.

பதினான்கு மாதம் கழித்து ஒரு காலை தோரா எழவில்லை. ஈறு வெள்ளைத்தாள் போல இருந்தது, வயிறு உப்பியிருந்தது. மண்ணீரலில் கட்டி உடைந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. வயதான பெரிய இன நாய்களில் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். அறுவை செய்தாலும் பெரும்பாலும் சில மாதங்களே. அந்த உடம்பு அறுவையையும் தாங்காது. அண்ணனிடம் சொன்னேன். அவர் மடியிலேயே ஊசி போட்டேன். கடைசி எடை 27.4 கிலோ. வயது 12 ஆண்டு 6 மாதம்.

அண்ணன் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டியவர் நீர்பாய்ச்சி. பந்தைக் கூடவே வைத்தார்கள். ஆச்சி ஐயாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பதினான்கு மாதத்தில் தோராவைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஐயா ஆச்சியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். அன்றும் குழிக்குள் பார்த்துவிட்டு அதையே கேட்டார்.

"யாரு வீட்டு நாய் இது?"

"நம்ம வீட்டு நாய்தான்" என்றார் ஆச்சி.